அறுத்துப் பார்த்த பானைகள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், கலைக் கல்லூரியில் படித்தபோது ஒரு வருடம் முழுக்கச் சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே மண் கட்டிய கதையைப் பத்து வரியில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் மொட்டை மாடியில் பானை செய்துகொண்டிருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. எல்லோருக்கும் பதில் எழுத இடமில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், என்னைத் தூங்கவிடாத இரண்டொரு கேள்விகளையும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கவின் கலைக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை மாதமாகக் கையால் கிள்ளிக் கிண்ணம் செய்வதுதான் வேலை. சக்கரத்தில் உட்காரவே விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் தம்பி, "இதை நான் பாலர் பள்ளியிலேயே செய்தேனே" என்று சிரிக்கிறான். எதற்காக இந்தப் பயிற்சி? (மாணவி, கும்பகோணம்)

பதில்: தம்பி சிரிக்கட்டும். என் அண்ணனும் சிரித்தான். "இதற்கா மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படிக்கிறாய்?" என்றான். நான் நான்கு நாள் அவனோடு பேசவில்லை.

எங்கள் ஆசிரியர் அதிகம் பேசாதவர். முதல் நாள் ஆளுக்கொரு சாத்துக்குடி அளவு மண்ணைக் கையில் கொடுத்தார். கட்டைவிரலை நடுவில் இறக்கு, அடியில் ஒரு விரல் கனம் விட்டு நிறுத்து, பிறகு சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே மேலே வா. அவ்வளவுதான் பாடம். ஆளுக்கு இருபது கிண்ணம். நான் மூன்றே நாளில் முடித்துவிட்டேன். விளிம்பையெல்லாம் ஈரத்துணியால் தடவி வழவழப்பாக்கி, காய்ந்துவிடாமல் பாலித்தீனால் மூடி வைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

மறுநாள் காலை அவர் வந்தபோது கையில் ஒரு நைலான் நூல், இரண்டு முனையிலும் துண்டுக் குச்சி. என் முதல் கிண்ணத்தின் நடுவே நூலை வைத்து இழுத்தார். இரண்டாகப் பிளந்து விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. இருபதையும் அறுத்து முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பாதிக் கிண்ணங்களை வெட்டு முகம் மேலே தெரிய வரிசையாக வைத்து, "பார்" என்றார்.

பார்த்தேன். அடியில் இட்லி, விளிம்பில் அப்பளம். அதுகூடப் பரவாயில்லை, எல்லோருடையதும் அப்படித்தான் இருந்தது. இருபது கிண்ணத்திலும் ஒரே பக்கம் கனமாக இருந்ததுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் வலது கைக்காரி. இடது கையால் கிண்ணத்தைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை, என்னைப் பாராட்டிய தோழிக்கும் தெரியவில்லை. அறுத்த முகத்தில் தெரிந்தது.

அறுத்த மண்ணை மறுபடி பிசைந்து மறுபடி இருபது. மறுபடி நூல். அறுபது கிண்ணங்களைத் தாண்டிய பிறகு ஒரு நாள், அவர் நூலை இழுப்பதற்கு முன்பே எந்த இடம் கனம் என்று என்னால் சொல்ல முடிந்தது. விரல் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இருக்கும் மண்ணின் கனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அளக்கிற வித்தை அது. சக்கரத்தில் முதலிலேயே உட்கார்ந்திருந்தால் இது எனக்கு வந்திருக்காது. சக்கரத்தின் வேகம் பாதிப் பிழையைத் தானே நிரவிவிடும், மீதிப் பிழையை மறைத்துவிடும்.

கனம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். களிமண் துகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத தட்டையான தகடு. இடையில் தண்ணீர் இருக்கிறவரை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மண் வளைவது அதனால்தான். தண்ணீர் போகப்போகத் தகடுகள் நெருங்கும், பாண்டம் சுருங்கும். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும். கனத்த இடம் இன்னும் ஈரமாக இருக்கும், கூடவே சுருங்காது. ஒன்று இழுக்க ஒன்று மறுக்க, நடுவில் விரிசல்.

கிண்ணத்துக்கு அடுத்து உங்களுக்குத் திரி வரும். மண்ணை உருட்டித் திரியாக்கி ஒன்றின்மேல் ஒன்று சுற்றிக் கட்டுவது. இதுவும் சிறுபிள்ளை வேலை போல்தான் தெரியும். உருட்டிப் பாருங்கள். பத்துத் திரியில் எட்டு தட்டையாகும், அல்லது நடுவில் குழல் விழும். உள்ளங்கையால் அழுத்தாதீர்கள், விரல்களை விரித்து, நடுவிலிருந்து இரு பக்கமும் நகர்த்திக்கொண்டே உருட்டுங்கள். சுற்றிய திரியை உள்பக்கம் கட்டைவிரலால் கீழ்த்திரியோடு இழுத்து ஒட்டுங்கள். ஒட்டாத திரி சூளையில் போய்த்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரே மூச்சில் நான்கு விரற்கடைக்கு மேல் ஏற்றாதீர்கள். அடிப்பகுதி கொஞ்சம் இறுகட்டும், விளிம்பில் மட்டும் ஈரத்துணி போட்டு வையுங்கள். காத்திருக்கிற நேரத்தில் நான் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து மனிதர்களை வரைந்தேன். என் ஓவியப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்ததற்கு அந்தத் திரிப்பானைகள்தான் காரணம்.

கேள்வி: என் மாணவர்கள் செய்த மண் பொம்மைகளில் மூன்று, சூளையில் வெடித்துவிட்டன. உள்ளே காற்றுக் குமிழி இருந்ததால் என்கிறார்கள். பிசையும்போது குமிழியை எப்படி முழுதாக எடுப்பது? (பள்ளி ஓவிய ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, காற்றின் மேல் பழி போடாதீர்கள். பிசைவது நல்லதுதான், குமிழி இருந்தால் சுவர் அங்கே பலவீனமாகும், கட்டும்போது கையில் தட்டும். ஆனால் பாண்டத்தை வெடிக்க வைப்பது தண்ணீர். மண்ணுக்குள் மிச்சமிருக்கிற ஈரம் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். மெதுவாகச் சூடேற்றினால் மண்ணின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டால் வழி தேடிக்கொள்ள நேரமில்லாமல் சுவரை உடைத்துக்கொண்டு போகும். உங்கள் பொம்மைகள் அநேகமாக உள்ளே கெட்டியாக இருந்திருக்கும். யானையின் வயிறு, பிள்ளையாரின் வயிறு. தோல் பதத்துக்கு, அதாவது வளையாமல் ஆனால் கத்தி இறங்குகிற அளவுக்கு, இறுகியதும் பாதியாக அறுத்து, உள்ளே குடைந்து, கீறல் போட்டு மண் குழம்பு தடவி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அடியில் ஓர் ஊசித் துளை விடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்றாம் ஆண்டு, நவம்பர் மாதம். சென்னையில் பத்து நாள் விடாத மழை. ஆண்டுக் கண்காட்சிக்காக இடுப்பு உயரத்துக்கு ஒரு திரிப்பானை கட்டியிருந்தேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இடம் கேட்டுக் கெஞ்சி, மற்றவர்களின் வேலைகளை நெருக்கி அடுக்கி, என் பானையை நடுவில் வைத்துச் சூளையை மூடினேன். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். பிறகு ஒன்றொன்றாக நான்கைந்து. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. மறுநாள் திறந்தபோது என் பானை ஓட்டுக் குவியலாகக் கிடந்தது. அதன் துண்டுகள் பாய்ந்து ஆறு பேருடைய வேலை போயிருந்தது. அதில் ஒருத்தி அந்த வருடத்தோடு படிப்பை முடிப்பவள். அவளுடைய முகத்தை இப்போதும் நினைவிருக்கிறது.

அந்தப் பருவம் முடிகிறவரை ஒவ்வொரு சூளைக்கும் இரவுக் காவல் நான்தான் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். முதல் ஆறேழு மணி நேரம் சூளையை 100 டிகிரிக்குக் கீழேயே வைத்துப் புழுங்க விடுவது. வாயில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டி அதில் ஈரம் பூக்கிறதா என்று பார்ப்பது. பூக்காத பிறகு மெல்ல ஏற்றுவது. 573 டிகிரி வரும்போது இன்னொரு முறை நிதானம் வேண்டும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் அந்த இடத்தில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஆறுகிற சூளையை ஆசையில் திறந்து பார்த்துப் பானையைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் மூன்று பேர்.

உலர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலை ஏமாற்றுகிற மண், கன்னத்தை ஏமாற்றாது.

கேள்வி: சூளை இல்லை. வீட்டு அவனில் சுடலாமா? (இல்லத்தரசி, கோவை)

பதில்: கேக் சுடுங்கள். வீட்டு அவன் 250 டிகிரி போகும். களிமண்ணின் உடம்போடு கலந்திருக்கிற தண்ணீர் வெளியேற 500, 600 டிகிரி வேண்டும். அதற்குப் பிறகுதான் அது ஓடு. அதுவரை எத்தனை மணி நேரம் சுட்டாலும் வாளித் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறு. வரட்டியும் வைக்கோலும் வைத்துத் திறந்தவெளியில் சுட்டால் கிடைக்கிற சூடு போதும். மாடியில் செய்து பக்கத்து வீட்டாரிடம் சண்டை வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அய்யனார் கோவிலில் ஆளுயர மண் குதிரைகள் நிற்கின்றன. இவற்றை எந்தச் சக்கரத்தில் செய்தார்கள்? சிற்பம் படித்த உங்களைப் போன்றவர்கள் இவற்றைக் கலை என்று ஒப்புக்கொள்கிறீர்களா? (விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு குத்தல் இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

நான்காம் ஆண்டு விடுமுறையில் உங்கள் மாவட்டத்தில்தான் பத்து நாள், ஒரு வேளார் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் தங்கியிருந்தேன். பானை வனைகிறவர்களே பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசை வைக்கிறவர்களும் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண் குதிரைகளைக் கோவிலுக்கு எடுத்துப்போகிற புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் கொடுத்த பிறகுதான் அவர்கள் கையை வைப்பார்கள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. நகரத்தில் நாங்கள் மூட்டையில் மண் வாங்கி வேலை செய்தோம். இங்கே ஊரே ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுத்து வேலையைத் தொடங்கி வைக்கிறது.

கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்தார்கள். உமி எதற்கு என்று கேட்டேன். பெரியவர், "மூச்சு விட" என்றார். சூட்டில் உமி எரிந்துபோகும், அது இருந்த இடமெல்லாம் துளையாகும், ஆவி அதன் வழியே போகும். என் இடுப்பு உயரப் பானை ஏன் வெடித்தது என்று அந்த ஒரு சொல்லில் புரிந்தது. நாங்களும் கல்லூரியில் சுட்ட ஓட்டை இடித்துத் தூளாக்கி மண்ணில் சேர்ப்போம், அதுவும் இதே காரணத்துக்குத்தான். ஆனால் எங்கள் கணக்கு நோட்டில் அது "இருபது சதவீதம்" என்று இருந்தது. இங்கே "கையில் பிடித்தால் தெரியும்" என்று இருந்தது.

நான் பார்த்த குதிரை, கால்களிலிருந்து தொடங்கியது. நான்கு தூண்கள். உள்ளே வெற்று. அவை தம் எடையைத் தாங்குகிற அளவு இறுகிய பிறகு வயிறு. வயிறு இறுகிய பிறகு மார்பு, கழுத்து. வெயில் ஏறினால் ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். ஒரு பெரியவரும் அவருடைய இரண்டு மகன்களும். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, நடுவில் மண். அளவுகோல் எதுவும் இல்லை. தலை கடைசியில்தான் வந்தது. தலை வருகிறவரை அது ஏதோ ஒரு மண் மண்டபம் போலத்தான் நின்றது. காது வைத்ததும் குதிரை ஆகிவிட்டது.

ஒரு சாயங்காலம் மிச்ச மண்ணில் நானும் ஒரு சிறு யானை செய்தேன். கல்லூரி பாணியில், கொஞ்சம் நவீனமாக. பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, அம்மா. யாருக்கு இது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கண்காட்சிக்கு என்று சொன்னேன். "கண்காட்சிக்கு அப்புறம்?" என்றார்.

அவருடைய குதிரைகள் ஊர்வலமாகப் போய்க் கோவில் வாசலில் நிற்கும். மழையும் வெயிலும் தின்னும். காது உடையும், கால் பெயரும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை. பழையதைப் பழுதுபார்க்கிற வழக்கமில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவதுதான் கலைக்கு மரியாதை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டீர்கள். அந்தக் குதிரைக்கு முன்னால் நான் எதையும் ஒப்புக்கொள்கிற இடத்தில் இல்லை ஐயா.

கேள்வி: பெண்கள் குயவர் சக்கரத்தைத் தொடக்கூடாது என்பது உண்மையா? அதனால்தான் உங்களுக்குக் கைவேலை கொடுத்தார்களா? (வங்கி ஊழியர், மதுரை)

பதில்: கல்லூரியில் ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே நூல்தான், ஒரே வெட்டுத்தான். ஆனால் வழக்கம் என்று பார்த்தால், ஆமாம். நம் நாட்டில் பரம்பரையாகப் பானை செய்கிற பல குடும்பங்களில் பெண்கள் மண் சலிப்பார்கள், மிதிப்பார்கள், காய வைப்பார்கள், சூளை அடுக்குவார்கள், கூடையில் சுமந்து விற்பார்கள். சக்கரம் மட்டும் ஆணுடையது.

வேடிக்கை என்னவென்றால், சக்கரம் பானையை முடிப்பதில்லை. நம் சோற்றுப் பானையைக் கவிழ்த்துப் பாருங்கள். அந்த உருண்டை அடி சக்கரத்தில் வராது. கழுத்தையும் தோளையும் சக்கரத்தில் எடுத்து, கனமான சுவரோடு அறுத்து இறக்கி, கொஞ்சம் இறுக விட்டு, உள்ளே ஒரு கல்லை அணை கொடுத்து வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டித்தான் அடி மூடும், மெலியும், உருளும். ஆக, எல்லோரும் சக்கரப் பானை என்று நினைக்கிற பொருளில் பாதி கைப்பானை. மானாமதுரைக் கடமும் அப்படித் தட்டித்தான் தேறும். சுவர் எங்கும் ஒரே கனமாக இல்லாவிட்டால் நாதம் வராது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தட்டுகிற கைகளுக்கும் அதில் பங்குண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு சில ஊர்களுக்குப் போனால் கதை மாறுகிறது. மணிப்பூரில் ஆண்ட்ரோ என்கிற ஊரில் பெண்கள்தாம் பானை செய்கிறவர்கள், சக்கரம் கிடையாது. நம் நீலகிரியில் கோத்தர் இனத்தில் மண்பாண்டம் பெண்களின் தொழில். நைஜீரியாவில் லாடி குவாலி என்று ஒருவர். குவாரி இனப் பெண்கள் திரியால் கட்டுகிற பெரிய தண்ணீர்ப் பானைகளைச் சிறு வயதிலேயே கற்றவர். 1954இல், அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த அபுஜா மண்பாண்டப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த முதல் பெண். அந்த ஊர் முறையில் சக்கரம் சுற்றுவதில்லை. பானை நடுவில் நிற்க, அதைச் சுற்றிப் பெண் நடப்பாள். இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் அவருடைய படம் இருக்கிறது. பானை செய்தவருக்குப் பணத்தாளில் இடம்!

நான் பெரிய பானை கட்டும்போது அப்படித்தான் சுற்றி நடக்கிறேன். முதுகு வலிக்கு நல்லது. மேசையில் வைத்து உட்கார்ந்தே கட்டினால் நமக்கு எதிரே இருக்கிற பக்கம் மட்டும் அழகாக வரும்.

கேள்வி: நான் செய்த கிண்ணம் கோணலாக இருக்கிறது. கையால் செய்தால் கோணல்தான் அழகு, ஜப்பானில் அதைத்தான் கொண்டாடுகிறார்கள் என்கிறான் நண்பன். சரிதானே? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: நல்ல நண்பன். ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் சோஜிரோ என்பவர் ரிக்கியு என்கிற தேநீர் ஆசானுக்காகச் சக்கரமில்லாமல் கையால் கிண்ணங்கள் செய்தார். ராக்கு மண்பாண்டம் என்று இன்று உலகம் முழுக்கப் பெயரெடுத்திருப்பது அங்கே தொடங்கியது. அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினால் எங்கே விரல் உட்காரவேண்டுமோ அங்கே குழி இருக்கும். உங்கள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். உதட்டோரம் வழிந்தால் அது வெறும் கோணல்.

கேள்வி: கிளேஸ் போட்ட மண் சட்டியில் புளிக்குழம்பு வைக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாவிட்டால் வேண்டாம். குறைந்த சூட்டில் உருகுவதற்காகச் சில பூச்சுகளில் ஈயம் சேர்ப்பதுண்டு. புளிப்பு அதைக் கரைத்துக் குழம்பில் இறக்கும். பூச்சில்லாத சட்டியை வாங்கி, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குங்கள். மீன் குழம்புக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம்.

கேள்வி: சங்க இலக்கியத்தில் வேட்கோவரை, அதாவது குயவரை, பற்றி வரும் இடங்களில் உங்களுக்குப் பிடித்தது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

பதில்: தாங்கள் எதிர்பார்க்கும் பாடலைத்தான் சொல்லப்போகிறேன். புறநானூற்றின் 256ஆவது. வழியில் கணவனை இழந்த பெண் ஊர்க் குயவனை அழைத்து, வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லியைப் போல அவனோடு வந்தவள் நான், எனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி ஈமத்தாழியை அகலமாகச் செய் என்று கேட்கிற பாட்டு. பாடியவர் பெயர்கூடக் கிடைக்கவில்லை. தமிழாசிரியர்கள் அதில் துயரத்தைப் படிக்கிறீர்கள். எனக்கும் தொண்டை அடைக்கிறதுதான். கூடவே ஒரு குயவன் மூளையும் ஓடுகிறது: இரண்டு பேருக்கான தாழி என்றால் வாய் எத்தனை முழம், சுவர் எத்தனை கனம், எத்தனை நாள் காயவைப்பது, அதுவரை அவள் எங்கே இருப்பாள்? அவ்வளவு பெரிய தாழியை ஒரே ஏற்றத்தில் சக்கரத்தில் எடுக்க முடியாது என்பது என் கை சொல்கிற கணக்கு. பகுதி பகுதியாகக் கட்டவேண்டும். அவள் கேட்டது ஒரு நாள் வேலையல்ல.

கேள்வி: மகளுக்குச் செராமிக் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடம் மண்ணைப் பிசைந்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்? உண்மையைச் சொல்லுங்கள். (ஒரு தந்தை, விழுப்புரம்)

பதில்: உண்மையையே சொல்கிறேன். படித்து முடித்த முதல் ஆறு வருடம் நான் விற்றது பூந்தொட்டி. நாற்றுப்பண்ணை ஒன்றுக்கு மாதம் இருநூறு. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் களிமண் வகுப்பு. என் கலைப்படைப்பு என்று முதலில் ஒன்று விற்றபோது எனக்கு வயது முப்பத்தொன்று. வாங்கியவர் அதில் குடை வைத்தார்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களில் பலர் தனியாகப் பட்டறை வைத்தார்கள். இன்று புதுச்சேரி, ஆரோவில் பக்கம் போனால் அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். விழுப்புரத்திலிருந்து உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். உங்களுக்கு இன்னொரு பக்கம் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கான பயிற்சிக் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. ஓடு, குளியலறைச் சாமான் செய்கிற பெரிய தொழிற்சாலைகளுக்கு வடிவமைப்பாளர்கள் வேண்டும். குஜராத்தின் மோர்பி அதற்கே பெயர்போன ஊர். ஆசிரியர் வேலை இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, எதுவும் நிச்சயமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். "மண்ணைப் பிசைந்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லை மகள் முன்னால் சொல்லாதீர்கள். முதல் வருடம் அவள் செய்கிறதையெல்லாம் அறுத்துப் போடுவார்கள், அல்லது அதுவே உடையும். அந்த நாட்களில் வீட்டுக்கு வரும்போது ஒரு தம்ளர் காபி கொடுங்கள், போதும். என் அப்பா அதைத்தான் செய்தார். அவருக்கும் உங்கள் கவலைதான் இருந்தது என்று அவர் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

கேள்வி: நீங்கள் முதன்முதலில் செய்த பாண்டத்தை இன்னும் வைத்திருக்கிறீர்களா? (மாணவன், நாகர்கோவில்)

பதில்: பாதியை வைத்திருக்கிறேன். ஆசிரியர் அறுத்துப்போட்ட அந்த முதல் இருபதில் ஒன்றின் ஒரு பாதியை யாருக்கும் தெரியாமல் துணியில் சுற்றி எடுத்துவந்து, காயவைத்து, அடுத்த சூளையில் மூலையில் சொருகிச் சுட்டுவிட்டேன். சமையலறை ஜன்னலில் சாய்ந்து நிற்கிறது. எதையும் போட்டு வைக்க முடியாது. பேரன் வந்தால் கவிழ்த்து வைத்துக் கார் ஓட்டச் சுரங்கப்பாதை ஆக்கிக்கொள்வான்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதை எடுத்துத் துடைத்து, ஸ்கேல் வைத்து அளந்தேன். அடியில் ஒன்றரை சென்டிமீட்டர். விளிம்பில் மூன்று மில்லிமீட்டர். வலது பக்கம் கனம்.